பட்டை ஏற்றும் முன் சேஸிஸைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி

சார், வணக்கம். காசிமேட்டில் மீன் லோடு ஓட்டிக்கொண்டிருந்தவரிடமிருந்து 2009 மாடல் மகிந்திரா பொலேரோ பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறேன். பந்தல், நாற்காலி வாடகைக்கு விடும் தொழில் எங்களுடையது. இன்ஜின் நன்றாக இழுக்கிறது. பின்பாடியின் தரையில் அங்கங்கே ஓட்டை. இடது பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது. ஸ்பிரிங்கில் (லீஃப் ஸ்பிரிங்) இரண்டு பட்டை கூடுதலாக ஏற்றினால் அதுவும் சரியாகும், லோடும் கூடுதலாக அடிக்கலாம் என்கிறார் தெரிந்த மெக்கானிக். ஹெட்லைட் மங்கல், 100/90 வாட் பல்பு போடலாமா? டயரைப் பெரிதாக்கி, முன்னால் பம்பர் கார்டு போடவும் ஆசை. நான் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். வீட்டு வாசலில் இடம் இருக்கிறது. 200 ஆம்பியர் இன்வர்ட்டர் வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் வாங்கிவிட்டேன். எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்று) இன்னும் இரண்டு மாதம். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பின்குறிப்பு: பிரேக் மிதி கொஞ்சம் கீழே போகிறது. இரண்டு தடவை மிதித்தால் சரியாகிவிடுகிறது.

வாசகர், தண்டையார்பேட்டை

பதில்

பின்குறிப்பிலிருந்து ஆரம்பியுங்கள். பிரேக் பார்க்கும் வரை வண்டியைத் தெருமுனைக்குக்கூட எடுக்க வேண்டாம்.

மிதி இறங்குவது, இடது பக்கம் தாழ்ந்திருப்பது, தரை ஓட்டை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம்: உப்பு. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் தரை ஓட்டை வழியாக நேரே சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் விழுகிறது. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் அட்டைகள் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சேஸிஸ் பெட்டி வடிவமாக இருக்கும் இடங்களில் தண்ணீர் வடிவதற்கென்று அடியில் துளைகள் உண்டு. மீன் வண்டியில் அவை செதிலும் சேறும் சேர்ந்து அடைத்துப்போயிருக்கும். உள்ளே தேங்கியது வெளியேற வழியில்லை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். கடலோரத்தில் வண்டி சும்மா நின்றாலும் உள்பக்கம் காய்வதே இல்லை. அதனால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. விற்கிறவர் மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

ஆகவே பட்டை, பல்பு, டயர் எதையும் வாங்குவதற்கு முன் பின்பாடியைக் கழற்றி சேஸிஸைப் பாருங்கள். வண்டிக்குச் செலவு செய்யலாமா, அப்படியே கை மாற்றிவிடலாமா என்ற முடிவே பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னுமுள்ள இரண்டு அடி இரும்பில்தான் இருக்கிறது. 15 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்சி கட்டணமும் கூடுதல். அதையும் இப்போதே விசாரித்துக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பாடி கழற்றுவது வாசலில் முடிகிற வேலைதான். பாடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்கள். பாதி கழலும், மீதி கிரைண்டரில்தான் வெட்ட வேண்டியிருக்கும். தூக்குவதற்கு முன் மூன்றைக் கழற்ற மறக்கக் கூடாது: டெயில் லேம்ப் ஒயர், டீசல் ஊற்றும் வாய் பாடியில் பிடித்திருந்தால் அந்தக் குழாய், பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள எர்த் ஒயர். வெறும் பாடியென்றாலும் நாலு பேர் போதாது. செயின் பிளாக் வாடகைக்கு எடுப்பது நல்லது.

வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கும்போது அடியில் படுக்கவே கூடாது. 3 டன் ஸ்டாண்டு இரண்டு வாங்கி ஆக்சிலுக்கு அடியில் கொடுங்கள். ஹாலோ பிளாக், செங்கல் வேண்டாம். பாரம் ஒரு மூலையில் இறங்கினால் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். வாசலில் மண் தரை என்றால் ஸ்டாண்டுக்குக் கீழே தடிமனான பலகையோ இரும்புத் தகடோ வையுங்கள். முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை.

இப்போது கால் கிலோ சுத்தியலை எடுத்து சேஸிஸை நீளவாக்கில் ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று திருப்பிப் பேசும், சுத்தியல் துள்ளும். அரித்த இடத்தில் 'தொப்' என்ற சத்தம், துள்ளல் இருக்காது, உள்ளே துருச் செதில் உதிர்வது காதில் விழும். அங்கே பழைய ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். நுனி உள்ளே இறங்கினால் சுற்றிலும் நல்ல இரும்பு வரும் வரை சாக்பீஸால் வட்டம் போடுங்கள். குறிப்பாகப் பார்க்க வேண்டியவை: பட்டையின் முன்கண் (முன்முனை வளையம்) மாட்டும் ஹேங்கர் என்ற தாங்கி, பட்டையின் பின்முனையைப் பிடிக்கும் ஷேக்கிள் மாட்டும் இடம், பின்ஆக்சிலுக்கு மேலுள்ள குறுக்குச் சட்டம், ரப்பர் அட்டை உட்கார்ந்திருந்த இடங்கள்.

சேஸிஸ் நம்பர் கொத்தியிருக்கும் இடத்தை முதலிலேயே கண்டுபிடித்து, துணியும் டேப்பும் சுற்றி மூடிவிடுங்கள். அங்கே கிரைண்டர் படக்கூடாது, கெட்டியான பெயின்டும் ஏறக்கூடாது. நம்பர் அச்சு சரியாக வரவில்லை என்றால் எஃப்சியில் வேறு எந்தக் குறையை விடவும் அதற்குத்தான் அதிகம் அலைய வேண்டிவரும்.

இடது பக்கச் சரிவுக்கு வருவோம். உங்கள் மெக்கானிக் பட்டை தளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். இருக்கலாம். ஆனால் ஹேங்கர் மாட்டியிருக்கும் சேஸிஸ் அரித்து, ஹேங்கரே உள்ளே புதைந்தாலும் வண்டி இதேபோலத்தான் சாயும். பிரித்தறிய ஒரு நூல் போதும். வண்டியைச் சமதரையில் காலியாக நிறுத்துங்கள். பட்டையின் முன்கண்ணிலிருந்து பின்கண்ணுக்குப் பக்கவாட்டில் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் மெயின் பட்டைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். வலப்பக்கமும் அதேபோல. இடப்பக்க இடைவெளி மட்டும் கணிசமாகக் குறைந்திருந்தால் பட்டைதான் தளர்ந்திருக்கிறது, அல்லது ஒன்று உடைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து வண்டி மட்டும் சாய்ந்தால் கோளாறு ஹேங்கரில், ஷேக்கிளில் அல்லது சேஸிஸில். அந்த நிலைமையில் இரண்டு பட்டை ஏற்றினால் கெட்டியான ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்திலும் அரித்த இரும்பைக் குத்தும். லோடோடு போகும்போது ஹேங்கர் பிய்த்துக்கொண்டு வரும். ஆக்சில் ஒரு பக்கம் பின்னுக்குப் போனால் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிரயோசனமில்லை.

சேஸிஸில் வெல்டிங் உங்கள் மெஷினில் செய்யலாமா என்று கேட்டால், வேண்டாம். ஃபிட்டர் படித்தவர் என்பதால் காரணத்தையும் சொல்கிறேன். மாற்றுத் தகடு பழைய சேஸிஸின் தடிமனிலேயே இருக்க வேண்டும், பெரும்பாலும் 3 முதல் 5 மி.மீ. அதில் நல்ல ஊடுருவல் கிடைக்க 3.15 மி.மீ. ராடை 110, 120 ஆம்பியரில் ஓட்ட வேண்டும். வீட்டு 16 ஆம்பியர் பிளக் அதற்குத் திணறும், பிரேக்கர் விழும். ஆம்பியரைக் குறைத்து ஓட்டினால் வெல்டிங் மேலே கோபுரமாக நிற்கும், அடியில் பிடித்திருக்காது. அதைவிட முக்கியம், சேஸிஸ் ஓட்டத்தில் முறுகிக்கொண்டே இருக்கும் பாகம். சட்டத்துக்கு குறுக்கே, மேலிருந்து கீழ் வரை நேர்கோட்டில் வெல்டிங் போட்டால் அந்தச் சூடு பட்ட கோட்டிலேயே கொஞ்ச நாளில் விரிசல் ஓடும். தகட்டின் இரு முனைகளையும் சாய்வாக வெட்டி, வைர வடிவில் கூராக்கி, வெல்டிங்கைச் சட்டத்தின் நீளவாக்கில் சாய்த்துக் கொண்டுபோக வேண்டும். மேல், கீழ் விளிம்புகளின் ஓரத்தில் ராடு படாமல் பார்க்க வேண்டும். லாரி சேஸிஸ் வேலை பார்க்கும் பட்டறைகளில் இது தினப்படி வேலை. மாதவரம் பக்கம் போய், சிஓ2 (வாயு) வெல்டிங் வைத்திருப்பவரிடம் நீங்கள் போட்ட சாக்பீஸ் வட்டங்களைக் காட்டிக் கேளுங்கள். "ஓட்டைக்கு மேலேயே தகடு வெச்சு ஒட்டிடலாம்" என்று சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம். அரித்ததை வெட்டி எடுக்காமல் மேலே தகடு போட்டால் இரண்டுக்கும் நடுவில் துரு ஒளிந்து வளரும். ஹேங்கர் இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கை அகலத்துக்கு மேல் நல்ல இரும்பே இல்லை என்றால், அந்த வண்டிக்கு இதற்குமேல் பணம் போடாதீர்கள்.

பட்டறையிலும் சரி, வாசலில் பாடிக்கு வெல்டிங் வைத்தாலும் சரி, டீசல் டேங்கை இறக்கித் தள்ளி வையுங்கள். பேட்டரியின் இரண்டு டெர்மினலையும், ஆல்டர்னேட்டர் கனெக்டரையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில், சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். எங்கோ முன்னால் மாட்டினால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் பொட்டுப் பொட்டாகச் சுட்டு வைக்கும். சேஸிஸின் மறுபக்கம் ஓடும் ஒயரையும் பிரேக் பைப்பையும் மறந்துவிடாதீர்கள். பட்டையில் எந்தக் காரணத்துக்கும் வெல்டிங் கூடாது. கிளாம்ப்பைக்கூட அதில் மாட்டக் கூடாது.

பாடி கீழே இருக்கும்போதே பிரேக் வேலையை முடித்துவிடுங்கள், பைப்பெல்லாம் கைக்கெட்டும். இரண்டாவது மிதியில் மேலே வருகிறது என்றால் பொதுவாக இரண்டு காரணம்: பின் டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது, அல்லது லைனில் காற்று. மீன் வண்டியில் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகி நிற்பது சகஜம், அதனால் முதல் சந்தேகம் அங்கே. இன்னொரு சோதனை: இன்ஜின் ஓட, மிதியை அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. இன்ஜினை நிறுத்தி நாலைந்து தடவை மிதித்து, அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரையோ வேக்குவம் பம்ப்பையோ பார்க்க வேண்டும். பல டீசல் வண்டிகளில் அந்த பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும்.

டிரம்மைக் கழற்றியதும் வீல் சிலிண்டரின் தூசு ரப்பரை ஸ்க்ரூடிரைவரால் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் போதும் என்பார்கள். சிலிண்டர் உட்சுவரை விரலால் தடவுங்கள். துருக்குழி தட்டுப்பட்டால் புது ரப்பரும் சில வாரத்தில் கிழியும், முழு சிலிண்டரையே மாற்றுங்கள். டிரம்மின் அதிகபட்ச விட்டமும் முன் டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமனும் அதது மேலேயே வார்த்தோ பொறித்தோ இருக்கும். வெர்னியரால் அளந்து ஒப்பிடுங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

பிரேக் பைப் சேஸிஸோடு கிளிப் போட்டு ஓடும் இடங்களில், கிளிப்பைக் கழற்றி அதன் அடியில் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் பைப் கிளிப்புக்குள் பாதியாக அரித்திருக்கும். அவசர பிரேக் மிதியில் வெடிப்பது அந்த இடம்தான். மாற்றும்போது அதே அளவு இரும்பு பிரேக் பைப்பே வேண்டும், முனையில் இரட்டை மடிப்பு ஃபிளேர் வேண்டும். ஒற்றை மடிப்பு நட்டு இறுக்கும்போதே கீறல் விடும். வளைக்கச் சுலபமாக இருக்கிறதென்று ஏசிக்குப் போடும் செம்புக் குழாயைச் சிலர் போட்டுக் கொடுக்கிறார்கள். செம்பு அதிர்வில் இறுகி, முனையில் வெடிக்கும். வேண்டவே வேண்டாம்.

பிரேக் ஆயில் மூடியில் எந்த டாட் எண் போட்டிருக்கிறதோ அதுவே. டாட் 3 இருக்குமிடத்தில் டாட் 4 ஊற்றலாம், சிலிக்கான் வகையான டாட் 5 கூடாது. டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்பதுதான் அதன் தர வரம்பு. பழைய ஆயிலை முழுக்கத் தள்ளி எடுக்க ஒரு லிட்டர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால் காற்று எடுக்கும் வரிசை: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். ஆக்சிலுக்கு மேலே லோடு சென்சிங் வால்வ் இருந்து, அதில் காற்று எடுக்கும் நிப்பிளும் இருந்தால் முதலில் அங்கே எடுங்கள்.

அந்த வால்வ்தான் கூடுதல் பட்டை விஷயத்தில் யாரும் பேசாத சங்கதி. அதன் கம்பி ஒரு முனை ஆக்சிலில், மறு முனை சேஸிஸில். லோடு ஏறி சேஸிஸ் தாழ்ந்தால் பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், காலியாக உயர்ந்து நின்றால் குறைக்கும். நீங்கள் இரண்டு பட்டை ஏற்றி வண்டியை உயர்த்திவிட்டால், ஒரு டன் ஏறியிருந்தாலும் வண்டி காலி என்றே வால்வ் நினைக்கும். பாரம் பின்னால், பிரேக் பெரும்பாலும் முன்னால். நிற்கும் தூரம் நீளும், முன் பேட் சீக்கிரம் தேயும். உங்கள் வண்டியில் அது துருவில் இறுகிக் கிடக்கவும் கூடும். கம்பியை அசைத்துப் பாருங்கள்.

பட்டையின் கணக்கும் கண்ணுக்குத் தெரிவதுபோல் இல்லை. ஒரே நீளம், ஒரே அகலம் என்றால் ஒவ்வொரு பட்டையின் கெட்டித்தன்மையும் தடிமனின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடும். 8 மி.மீ. பட்டை ஐந்து இருக்கும் செட்டில் இன்னொரு 8 மி.மீ. முழு நீளப் பட்டை சேர்த்தால் கெட்டித்தன்மை சுமார் 20 சதம் கூடும். அதற்குப் பதில் கடைக்காரர் கையிலிருந்த 10 மி.மீ. பட்டையைச் செருகினால் அது கிட்டத்தட்ட இரண்டு 8 மி.மீ. பட்டைக்குச் சமம், 40 சதம் போல ஏறிவிடும். "ரெண்டு மில்லிதானே" என்பது இங்கே செல்லாது. காலியாக ஓடும்போது வண்டி குதிக்கும். உங்கள் தொழிலில் பாதி ஓட்டம் காலி ஓட்டம், கண்ணாடிச் சாமான் இருந்தால் அதுவும் போச்சு.

நீங்கள் செய்ய வேண்டியது, செட்டை இறக்கி, பிரித்து, வயர் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து ஒவ்வொரு பட்டையாகப் பார்ப்பது. பெரும்பாலும் சென்டர் போல்ட் துளையிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய விரிசல் ஓடியிருக்கும்; மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசினால் விரிசல் கோடு நனைந்து தெரியும். பட்டைகளுக்கு நடுவில் உப்புத் துரு புகுந்திருந்தால் அதுவே வண்டியைக் கட்டையாக்கும். உடைந்ததை மாற்றி, தளர்ந்ததை இரு பக்கமும் சேர்த்தே செட்டிங் (மறுபடி வளைவு ஏற்றுவது) கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் சாய்வு மறுபக்கம் மாறும், அவ்வளவே. புஷ், ஷேக்கிள் பின், சென்டர் போல்ட், பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் நான்கும் புதிதாக. யூ போல்ட் ஒரு தடவை இழுபட்டது. கழற்றியதைத் திரும்ப மாட்டக் கூடாது. லோடு ஏற்றி ஓட்டிய முதல் வாரத்திலேயே டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். இந்தத் தளர்வைக் கவனிக்காமல் விட்டுத்தான் சென்டர் போல்ட் அறுபடுகிறது.

"கூடுதல் லோடு" என்பதற்கு நேரடியான பதில்: ஆர்சியில் எழுதியிருக்கும் மொத்த எடைதான் உங்கள் அளவு, பட்டை எத்தனை இருந்தாலும். அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பந்தல் கம்பி ஏற்றும்போது கண் மதிப்பை நம்பாமல் ஒரு தடவை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள்.

துரு வேலை. சேஸிஸின் வடிகால் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்து, உள்ளே நல்ல தண்ணீர் பீய்ச்சி, செதில் வருவது நிற்கும் வரை கழுவுங்கள். உங்கள் பகுதி போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவது மறுபடி உப்பு ஏற்றுவதுதான். மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ பிடித்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயில் என்றால் இரண்டு நாளில் காயும். ஐப்பசி அடைமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். காய்ந்தபின் கிரைண்டரில் கப் பிரஷ் போட்டு உதிரும் துருவை எடுத்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, அது கறுத்துக் காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் பெயின்ட். அண்டர்பாடி கோட்டிங் கடைசியில். பல வாட்டர் சர்வீஸ் கடைகளில் கழுவிய கையோடு ஈரத்தின் மேலேயே தார்க் கோட்டிங் அடித்துத் தருகிறார்கள். அது துருவுக்குப் போர்வை போர்த்துகிற வேலை. பெட்டிச் சட்டத்தின் உள்ளே மட்டும் நீண்ட குழாய் முனை வைத்து மெழுகுக் கோட்டிங் அடியுங்கள், துளைகளை அடைக்காமல். பழைய இன்ஜின் ஆயில் அடிக்கும் வழக்கமும் இருக்கிறது. ரப்பர் புஷ் ஊதிப்போகும், டிரம்முக்குள் சொட்டினால் பிரேக் பிடிக்காது.

பாடித் தரை, இங்கேதான் உங்கள் மெஷினுக்கு வேலை. 1.5, 2 மி.மீ. தகட்டுக்கு 2.5 மி.மீ. ராடு, 60 முதல் 75 ஆம்பியர் போதும், வீட்டு பிளக் தாங்கும். நீளமாக இழுக்காதீர்கள், 2 செ.மீ. போட்டு 10 செ.மீ. தள்ளி அடுத்தது, பிறகு நடுவில் நிரப்புவது. ஒரே இழுப்பில் போனால் தகடு அப்பளமாக நெளியும். ஜிஐ தகடு என்றால் வெல்டிங் வைக்கும் ஓரத்தில் துத்தநாகப் பூச்சை உரசி எடுங்கள், காற்றோட்டத்தில் நில்லுங்கள். அந்தப் புகை ராத்திரியில் குளிர்காய்ச்சல் கொடுக்கும். முழுத் தரையும் செக்கர் பிளேட் போட நினைத்தால் எடையைக் கணக்குப் பாருங்கள். இரும்பு, ஒரு சதுர மீட்டருக்கு, தடிமன் ஒரு மி.மீ.க்கு 7.85 கிலோ. 2.5 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம் என்று வைத்தால் 3 மி.மீ. தகடே 100 கிலோ, 5 மி.மீ. என்றால் 167 கிலோ. அத்தனையும் உங்கள் லோடிலிருந்து கழியும். அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் இரும்புச் சட்டத்தோடு நேரடியாகப் பட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியமே அரிக்கும். நடுவில் ரப்பர் ஷீட் கொடுத்து, போல்ட்டுக்கும் நைலான் வாஷர் போட்டு மாட்டுங்கள். பாடியைத் திரும்ப உட்கார வைக்கும்போது ரப்பர் அட்டைகள் புதிதாக இருக்கட்டும். எர்த் ஒயர் மாட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி மாட்டுங்கள். பெயின்ட் அடித்த வண்டிகளில் டெயில் லேம்ப் மினுக்கென்று எரிவதற்குப் பாதிக் காரணம் அந்த எர்த்.

ஹெட்லைட்டுக்கு 100/90 பல்பு வேண்டாம். இரண்டு 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். இரண்டு 100 வாட் என்றால் 16 ஆம்பியருக்கு மேல். பழைய ஒயர், பழைய காம்பினேஷன் சுவிட்ச் அதைத் தாங்காது. பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். எதிரே வருபவன் கண்ணும் கூசும், சட்டமும் இடம் தராது. உங்கள் விளக்கு மங்கலாக இருப்பது வோல்ட் வழியில் தொலைவதால். இன்ஜின் ஓட, பேட்டரியில் அளந்தால் 13.8 முதல் 14.2 இருக்க வேண்டும். அதே நேரம் எரியும் பல்பின் பின்னில் அளந்து பாருங்கள். துருப்பிடித்த வண்டியில் ஒன்றரை வோல்ட் குறைந்து நிற்பது அபூர்வமில்லை. ஹாலோஜன் பல்புக்குப் பத்து சதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதம் குறையும். முதலில் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஹைபீமுக்கு ஒன்று, லோபீமுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் சுவிட்ச்): 30ஆம் பின்னுக்குப் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. ஒயர், 87லிருந்து பல்புக்கு, பழைய பல்பு ஒயர் 86க்கு, 85 எர்த்துக்கு. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். சில வண்டிகளில் சுவிட்ச் பாசிட்டிவை விட்டு எர்த்தைத்தான் கட் செய்யும், அதனால் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டு ஒயரை வெட்டுங்கள். ரிஃப்ளெக்டர் வெள்ளி உரிந்திருந்தால் ரிலே போட்டும் பிரயோசனமில்லை, லேம்ப்பையே மாற்றுங்கள். கம்பெனி 60/55 பல்பிலேயே வித்தியாசம் தெரியும்.

டயர் பெரிதாக்குவதில் லாபம் எதுவும் இல்லை. உதாரணத்துக்கு 215/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 703 மி.மீ.; 235/75 ஆர்15 போட்டால் 733. நாலு சதம் கூடுதல். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62, 63இல் போகும். இழுவை அதே அளவு குறையும், மேம்பாலத்தில் லோடோடு ஏறும்போது கிளட்ச் வேகும். அந்தப் பணத்தில் கம்பெனி அளவிலேயே, அதே லோடு இண்டெக்ஸ் அல்லது அதற்கு மேல் உள்ள டயர் வாங்குங்கள். 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும், 109 என்றால் 1,030. காருக்கான டயரைப் பின்னால் மாட்டிவிடாதீர்கள். பக்கச் சுவரில் முட்டை வடிவத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தையும் படியுங்கள்: 1216 என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆவது வாரம் செய்தது.

பம்பர் கார்டு வேண்டாம். அதை அகற்றச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பொதுவாகவே, கம்பெனி அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அரித்த தரையை அதே அளவில் மாற்றுவது ரிப்பேர். பாடியை உயர்த்துவதும் நீட்டுவதும் மாற்றம்.

சாமான் வாங்கும் இடம்: பிரேக், பேரிங், புஷ், யூ போல்ட் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பில்லோடு புதிதாக. புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, டெயில் கேட், லேம்ப் கூடு, சீட் என்று பழையது தேடலாம், பேரமும் பேசலாம். பழைய வீல் சிலிண்டர், பழைய பட்டை, பழைய ஸ்டியரிங் பாகம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அங்கே வாங்காதீர்கள்.

இரண்டு மாதத்தில் சேஸிஸும் பிரேக்கும் முதல் மூன்று வாரத்தில் முடிந்தாக வேண்டும். பட்டறையில் தேதி கிடைக்கவே ஒரு வாரம் போகலாம். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி ஆண்டுக்கு ஒருமுறை, ஆகவே தரை பெயின்டிங் இந்த முறை கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் பரவாயில்லை. எஃப்சிக்குப் போவதற்கு முன் ஹார்ன், வைப்பர், இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட், ஹேண்ட்பிரேக், ஒளிரும் டேப் (முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள்), புகைச் சான்று இவற்றை ஒரு தடவை சரிபாருங்கள். சேஸிஸ் நம்பர் மேல் சுற்றிய டேப்பை எடுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுப் போங்கள்.